ஔவையின் இரண்டு கனிகள்

ஆடி மாதத்தில் ஓசூர்ப் பக்கம் போனால் ஒரே பழத்துக்கு மூன்று பெயர் காதில் விழும். நாம் நாவல் என்போம். தெலுங்குக்காரர் நேரேடு என்பார். கன்னடக்காரர் நேரளே என்பார். தின்று முடித்த பிறகு மூவர் நாக்கும் ஒரே நிறந்தான்!

அந்த நிறத்துக்கு இப்போது உலகத்தில் பெரிய மதிப்பு. வட அமெரிக்கக் காடுகளில் புளூபெரி என்று ஒரு சிறு கனி தானாகக் காய்க்கிறது. அதன் நீலத்தில் ஆரோக்கியம் இருப்பதாகப் பேச்சு. அந்த நீலத்துக்கு 1835இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியர் 'ஆந்தோசயனின்' என்று நாமகரணம் செய்தார். நாவற்பழத் தோலில் இருப்பதும் அதே வம்சத்துச் சாயமே.

கனியில் ஆயுளைத் தேடுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதுவரை தர்மபுரியோடு இருந்தது. தர்மபுரியோ அதியமான் ஆண்ட தகடூர். ஆயுளை வளர்க்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தானே, அவன்தான். 1981இல் ஜம்பையில் கண்டெடுத்த கல்வெட்டு, அதியமான் நெடுமானஞ்சி கதையில் மட்டும் வாழ்ந்தவன் அல்ல என்று காட்டிவிட்டது. மன்னன் மெய், கொடையும் மெய்யாயிருக்கலாம். கனி ஆயுளை நீட்டியதா என்பதற்குத்தான் கல்வெட்டு இல்லை!

நாவலுக்கும் இப்படியொரு சரித்திரம் உண்டு. நீரிழிவுக்கு நாவற்கொட்டைப் பொடி கொடுப்பது நம் வைத்தியர் வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய டாக்டர்களும் அதை வாங்கிச் சோதித்தார்கள். பாவம், அவர்கள் கையில் வேறு மருந்து ஏது? 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டார்கள். மறு வருஷம் ஜனவரியில், சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவன் அந்த ஊசியால் பிழைத்தான். கொட்டைப் பொடி பின்னுக்குப் போயிற்று.

ஆனால் மனிதர் மனத்திலிருந்து போகவில்லை. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பினார். காலில் வந்த புண் ஆறவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "இயற்கை வைத்தியந்தானே, ஸார்!" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

பழத்தின் மேல் குற்றமில்லை. காட்டுப் புளூபெரியை உண்டவர்களின் இரத்தக் குழாய்கள் சற்று நன்றாக விரிவதைச் சிறு சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் விழுங்கும் சாயத்தில் மிகச் சொற்பமே அப்படியே இரத்தத்தில் சேர்கிறது. சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடம்பில் நடப்பதில்லை. பிரேசிலில் நாவல் இலைக் கஷாயத்தைப் பரீட்சித்து, சர்க்கரை குறையவில்லை என்று 2000இல் எழுதினார்கள்.

பிற்காலத்து ஔவையிடம், நாவல் மரத்தின் மேலிருந்த மாட்டுக்காரப் பையன், சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டானாம். இன்று அவன் வந்தால் வேறு கேள்வி கேட்பான்: "பாட்டி, பழம் வேண்டுமா, மருந்து வேண்டுமா?"

பழமென்றால் உப்புத் தூவிக் கை நிறைய வாங்கிக்கொள்ளலாம். மருந்தென்றால் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.