வைக்கோல் மனிதனும் வயற்காட்டுச் சிறுவனும்

இலையுதிர் காலம் வந்ததும் இங்கிலாந்தின் பள்ளித் தோட்டங்களிலே பிள்ளைகள் வெருளி கட்டி மகிழ்வதுண்டு. இரு தடிகளைக் குறுக்காகப் பிணைத்து, பழைய சட்டையினுள்ளும் காற்சட்டையினுள்ளும் வைக்கோலை அடைத்து, சாக்குத் துணியால் தலை செய்து, கிழிந்த தொப்பியொன்றைக் கவிழ்த்துவிட்டால் வெருளி எழுந்து நின்றுவிடும். கண்ணும் மூக்கும் வரைவதற்குப் பிள்ளைகளிடையே போட்டி நிகழும். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆயினும் இவ்விளையாட்டின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்திலே அந்நாட்டு வயல்களில் வெருளியாக நின்றவர்கள், இப்பிள்ளைகளை ஒத்த வயதினரான ஏழைச் சிறுவர்களே.

வெருளியைக் குறிக்கும் 'ஸ்கெயார்குரோ' என்னும் ஆங்கிலச் சொல்லே இதற்குச் சான்று. முன்னர் அது பொம்மையை மட்டுமன்றி, பறவை ஓட்டுதற்குக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆளையும் குறித்தது. இலையுதிர் காலத்திலே கோதுமை விதைக்கப்பட்டதும் காகங்கள் கூட்டங்கூட்டமாக இறங்கி விதையைக் கிளறி உண்ணும். அசையாது நிற்கும் பொம்மைக்கு அவை நெடுநாள் அஞ்சுவதில்லை. ஓடித் திரிந்து, மரத்தட்டையை ஒலித்து, கூவித் துரத்தும் சிறுவனுக்கோ அஞ்சியே ஆகவேண்டும். எனவே பண்ணைக்காரன் சிறுவனை விரும்பினான். அவனது கூலி மிக மலிவு என்பது மற்றொரு காரணம்.

அக்கூலி எவ்வளவு என்பதை யோசப் ஆர்ச் கூறக் கேட்கலாம். 1826 ஆம் ஆண்டு வார்விக்ஷயரிலே ஒரு கூலிவிவசாயியின் மகனாகப் பிறந்த அவர், ஒன்பதாவது வயதிலே காகம் ஓட்டும் வேலைக்குச் சென்றார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. கூலி நான்கு பென்ஸ். ஆறு நாட்கள் தொண்டை வறளக் கூவினாற் கிடைப்பது இரண்டு ஷில்லிங். அச்சிறுதொகையையும் இழக்க இயலாத வறுமையிலே பெற்றோர் இருந்தனர். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது பெற்றோரின் அறியாமை என்று கூறுவோர், தகப்பனின் கூலி குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்ததா என்று வினவுவதில்லை.

இலக்கியமும் இச்சிறுவனைக் கண்டதுண்டு. தோமஸ் ஹார்டியின் 'ஜூட் தி ஒப்ஸ்கியூர்' என்னும் நாவல் நூலுருவில் 1895 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அதிலே, நாளுக்கு ஆறு பென்ஸ் கூலிக்குக் காகம் ஓட்டும் ஜூட், பசித்த பறவைகள்மீது இரக்கங்கொண்டு அவற்றை உண்ணவிடுகிறான். அடியும் வேலைநீக்கமுமே அவன் பெறும் பரிசு. பசித்தவன் பசித்தவற்றை விரட்டுமாறு பணிக்கப்படுதல் எத்துணைக் கொடுமை!

இந்நிலை எவ்வாறு மாறிற்று? வைக்கோற் பொம்மை சிறுவனை விடுவிக்கவில்லை. பொம்மை என்றுமே இருந்தது. மாற்றத்தை ஏற்படுத்தியவர்கள் மனிதர்களே. காகம் ஓட்டிய அதே ஆர்ச், 1872 ஆம் ஆண்டு தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1873 ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விவசாய வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. அது சரிவர நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது உண்மையே. 1880 இல் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வரவு கட்டாயமாக்கப்பட்டது. 1885 இல் ஆர்ச் பாராளுமன்றம் புகுந்தார். சங்கமும் சட்டமும் பள்ளியும் இணைந்தே வயலிலிருந்து சிறுவனை மீட்டன எனலாம்.

தமிழாசிரியராகிய நாமும் இவ்விடத்து நம்மை நோக்குதல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனம் காக்கும் பெண்ணை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கின்றோம். தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகளுக்குப் பொருள் கூறுகின்றோம். தலைவனின் வருகையை வியக்கின்றோம். பகல் முழுதும் அவள் செய்தது உழைப்பு என்பதை எத்தனை முறை கூறியிருக்கின்றோம்? கவிதையின் அழகை மறுப்பதற்காக இதனைக் கூறவில்லை. அழகின் அடியிலே கிடக்கும் உழைப்பைக் காணாத கல்வி குறைபாடுடையது என்பதே நமது கருத்து.

இவ்வரலாறு முடிந்துவிட்டதெனக் கொள்வதும் தவறாகும். சர்வதேசத் தொழில் அமைப்பும் யுனிசெப்பும் 2025 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024 ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் பிள்ளைகள் சிறுவர் தொழிலாளராக இருந்தனர். அவர்களுள் 61 சதவீதத்தினர் விவசாயத் துறையினர். 1945 முதல் இலவசக் கல்வியைப் பெற்ற நாட்டினர் நாம். வகுப்பிலே ஒரு வாங்கு வெறுமையாகக் கிடக்கும் நாளிலே, அங்கிருந்த பிள்ளை எந்த வயலிலே, எந்தக் கடையிலே நிற்கின்றது என்று தேடிச் செல்வது நமது கடன்.

பிள்ளைகளோடு வெருளி கட்டுங்கள். அது நல்ல விளையாட்டு. கட்டி முடித்ததும், அவ்விடத்திலே முன்னர் நின்றவன் யார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். வைக்கோல் வெயிலிலே காயட்டும். பிள்ளை பள்ளியிலே இருக்கட்டும்.