ரிசஷனும் எங்க மாமா ராட்டினமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லி சமாளிக்கலாம்னு பார்த்தேன். ஆனா உண்மை நேர் எதிர். ஆணியே இல்லை :-( ப்ராஜெக்ட் முடிஞ்சு ஆறு வாரமா பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். காலைல லாப்டாப்பைத் திறக்க வேண்டியது, எச்.ஆர்.கிட்டேயிருந்து மெயில் வந்திருக்கான்னு பார்க்க வேண்டியது, மூட வேண்டியது. இதான் இப்போதைக்கு என் வேலை.

வீட்டுல யாருக்கும் சொல்லலை. இந்த நேரம் பார்த்து அக்கா பொண்ணு (ஏழு வயசு) பிடிச்சுக்கிட்டா. திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பர்ல வொண்டர்லா திறந்தாங்க இல்லையா, அங்க போகணுமாம். கிளாஸ்ல பாதி பேர் போயிட்டு வந்துட்டாங்களாம். "எப்போ மாமா கூட்டிட்டுப் போவே?" அக்கா, அத்தான், குட்டி, நான்... நாலு டிக்கெட், சாப்பாடு, வண்டின்னு மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். "அடுத்த மாசம் போலாம்டா"ன்னு வாய் தானா சொல்லிடுச்சு.

சொன்னப்புறம்தான் உறைச்சுது. இதே வசனத்தை இதே வீட்டுல நான் ஏற்கனவே கேட்டிருக்கேன். அப்போ எனக்கு பதினோரு வயசு. கொசுவத்தியைச் சுத்துங்க மக்களே...

வருஷம் 2009. எங்க வீடு நொச்சிக்குப்பம். தெரியாதவங்களுக்கு: மெரினா லைட் ஹவுஸைத் தாண்டி பட்டினப்பாக்கம் போற வழியில, கடலுக்கும் சாந்தோமுக்கும் நடுவுல இருக்கற மீனவர் குப்பம். எங்க ஆயா லூப் ரோட்டுல மீன் விப்பாங்க. நைனா கடலுக்குப் போகாம ஸ்டியரிங் பிடிச்சவர். ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனிக்கு ஆள் ஏத்தற கேப் ஓட்டினார். 2008 செப்டம்பர் 15 அன்னிக்கு நியூயார்க்ல லேமன் பிரதர்ஸ் திவாலாச்சு. அடுத்த சில மாசத்துல ஓ.எம்.ஆர். கம்பெனிங்க செலவைக் குறைக்க ஆரம்பிச்சாங்க. நைட் ஷிப்ட் ட்ரிப் பாதியாச்சு. எங்கயோ அமெரிக்காவுல ஒரு பேங்க் முழுகினதுக்கு நொச்சிக்குப்பத்துல ஏன் ரசத்தோட சாப்பாடு முடியுதுன்னு அன்னிக்கு எனக்குப் புரியலை.

அந்த பிப்ரவரில ஸ்கூல்ல தீம் பார்க் டூர். ஆளுக்கு 350 ரூபாய். நைனா சொன்னார், "அடுத்த மாசம் நாமளே போலாம்டா". அடுத்த மாசம் வரவே இல்லை.

டூர் போன அன்னிக்கு நான் கடற்கரையில உட்கார்ந்திருந்தேன். எங்க மாமா (அம்மாவோட தம்பி) லைட் ஹவுஸ் பக்கத்து மணல்ல குடை ராட்டினம் வெச்சிருந்தார். கரண்ட் கிடையாது, கையாலதான் தள்ளணும். எட்டு குதிரை. ஆளுக்கு அஞ்சு ரூபாய்.

"இன்னாடா மூஞ்சத் தூக்கினு உக்காந்துகீற? டூருக்குத் துட்டு இல்லியாமா? அத்த வுடு. ஏறு. எவ்ளோ நேரம் வோணா சுத்து."

சுத்தினேன். இறங்கினப்புறம் மாமா பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "கூட்டம் ஜாஸ்திதான்டா. துட்டுதான் கம்மி. போன வருசம் மூணு புள்ள வந்தா மூணும் ஏறும். இப்போ ஒண்ணு ஏறுது, ரெண்டு வேடிக்க பாக்குது."

பெஞ்சுல இருக்கறவனுக்கு கூகுளைத் தவிர யார் துணை? ரிசஷன் வந்தா ஊர் சுத்தறதும் தீம் பார்க்கும் என்ன ஆகும்னு இந்த ஆறு வாரமா படிச்சேன். படிக்கப் படிக்க மாமா சொன்னதையே பெரிய பெரிய ஆளுங்க பெரிய பெரிய நம்பர்ல சொல்லிட்டு இருக்காங்க.

1930கள்லேர்ந்து ஆரம்பிப்போம். நியூயார்க்ல கோனி ஐலண்ட்னு ஒரு கடற்கரை. அந்த ஊர் மெரினான்னு வெச்சுக்கோங்க. ஆனா சுத்தி பெரிய பெரிய கேளிக்கைப் பூங்கா. 1920-ல சப்வே ரயில் அங்க வரைக்கும் வந்துச்சு. டிக்கெட் அஞ்சு சென்ட், அதாவது ஒரு நிக்கல் காசு. அதனால அந்த இடத்துக்கே நிக்கல் சாம்ராஜ்யம்னு பேர் வந்துச்சு. பெருமந்தம் வந்து வேலை போனப்புறமும் அஞ்சு சென்ட்டைக் கொடுத்து ஜனம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. மணல் இலவசம், கடல் இலவசம், சோத்தை வீட்டுலேர்ந்தே கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. ஆனா வந்த கூட்டம் காசு கொடுத்து ரைடுல ஏறலை. அங்க இருந்த லூனா பார்க் 1933-ல திவால். 1944-ல தீப்பிடிச்சு அதோட கதை முடிஞ்சுது. கடற்கரை நிரம்பி வழியுது, பக்கத்துல பார்க் திவாலாகுது. ஒண்ணு ஏறுது, ரெண்டு வேடிக்கை பார்க்குது!

2008-09க்கு வருவோம். அமெரிக்காவுல சவுத் கரோலினாவுல ஹார்ட் ராக் பார்க்னு ஒண்ணு. சுமார் 400 மில்லியன் டாலர் போட்டு 2008-ல திறந்தாங்க. அதே செப்டம்பர்ல திவால் மனு. ஒரு கோடை தாங்கலை. அடுத்து சிக்ஸ் ஃபிளாக்ஸ். இவங்க பழம் தின்னு கொட்டை போட்ட கம்பெனி. 2009 ஜூன்ல இவங்களும் திவால் மனு போட்டாங்க. இவங்க கேஸ்ல ஆள் வராதது பிரச்சினை இல்லை. 2008-ல கூட்டம் நல்லாவே வந்துச்சு. சுமார் 2.4 பில்லியன் டாலர் கடன்தான் கழுத்தை நெரிச்சுது.

தீம் பார்க்கோட கணக்கே அப்படித்தான். ரோலர் கோஸ்டர்ல பத்து பேர் உட்கார்ந்தாலும் முப்பது பேர் உட்கார்ந்தாலும் கரண்ட் பில், பராமரிப்பு, பாதுகாப்பு ஆளுங்க சம்பளம், வட்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கூடுதலா வர்ற ஆளுக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அதனால மந்தம் வந்தா சீட்டைக் காலியா விடறதை விட கம்மி விலைக்குக் கொடுத்து நிரப்பறதுதான் புத்திசாலித்தனம். டிஸ்னி அதைத்தான் செஞ்சுது. நாலு ராத்திரிக்குக் காசு கட்டினா மூணு ராத்திரி இலவசம், 2009 முழுக்க பிறந்த நாள் அன்னிக்கு வந்தா டிக்கெட் இலவசம். கூட்டத்தைத் தக்க வெச்சுக்கிட்டாங்க. ஆனா உள்ள வந்த ஜனம் பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டதால லாபம் அடி வாங்குச்சு.

இதுல ஜப்பான்காரங்க கில்லாடிங்க. 90கள்ல அவங்க பொருளாதாரம் படுத்தப்போ ஜனங்க ஊர் சுத்தற விதம் மாறிச்சு. அதுக்கு ஒரு வார்த்தையே இருக்கு: அன்-கின்-டான். மலிவு, பக்கம், குறுகின நாள். இந்த மூணும் இருந்தா கிளம்பிடுவாங்க. உலகமே அழுதுட்டு இருந்த 2008-09 நிதியாண்டுல டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டுக்கு 2.72 கோடி பேர் வந்தாங்க. அது வரைக்கும் அவங்க பார்க்காத சாதனை. ஹவாய்க்கும் பாரிஸுக்கும் போக வேண்டியவங்க ரயிலேறி பக்கத்துல போயிட்டு வந்துட்டாங்க.

சரி, நம்ம ஊர்? இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிங்க 2008-ல 52.8 லட்சம், 2009-ல 51.7 லட்சம். மந்தம், 2008 நவம்பர் மும்பை தாக்குதல்னு எல்லாம் சேர்ந்து குறைஞ்சுது. எதிர்பார்த்ததுதான். ஆனா உள்நாட்டுச் சுற்றுலாவைப் பாருங்க. 2008-ல சுமார் 56 கோடி பயணங்கள். 2009-ல சுமார் 67 கோடி! (இது ஆள் கணக்கு இல்லை, பயணக் கணக்கு. திருப்பதி, பழனின்னு கோயில் போறதெல்லாம் இதுலதான் வரும்.) மந்தமான வருஷத்துல பத்து கோடி பயணம் கூடுதல். 2008-ல அமலான ஆறாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் அரசு ஊழியர்கள் கையில வந்ததும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கறேன். ஆனா அன்-கின்-டானும் இதுல கட்டாயம் இருக்கு. சிங்கப்பூர் பிளான் ஊட்டி ஆச்சு, ஊட்டி பிளான் மகாபலிபுரம் ஆச்சு, மகாபலிபுரம் பிளான்...

மெரினா ஆச்சு! அதான் விஷயம். இந்தப் படிக்கட்டுல கடைசிப் படி எங்க குப்பம் இருக்கற மணல்தான்.

சென்னைக்கு இந்தப் படிக்கட்டு முழுசா உண்டு. மேல் படியில தீம் பார்க். கோல்டன் பீச்சுல அசையாம நின்ன சிலை மனிதனைச் சிரிக்க வைக்கப் பார்க்காதவங்க யாராவது இருக்கீங்களா? தாராளமயமாக்கலுக்கு அப்புறம் 1995-ல தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா. அதை ஆரம்பிச்சவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவோட முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரிச்ச அதே ஆள். நடுப் படியில தீவுத்திடல் பொருட்காட்சி, கையில டெல்லி அப்பளத்தோட ஜெயன்ட் வீல். கீழ் படியில மெரினா. 1880கள்ல கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சது. அவருக்கு உலாவற இடம், எங்க ஆளுங்களுக்கு வேலை பார்க்கற இடம். 1997-ல பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரைக்கும் நீண்டப்போ லைட் ஹவுஸுக்கே ஒரு ஸ்டேஷன் வந்துச்சு. நம்ம ஊர் நிக்கல் ரயில்.

மேல் படியில இருக்கறவன் ஒரு படி இறங்கறான். நடுப் படியில இருக்கறவன் கீழ இறங்கறான். கடைசிப் படியில இருந்தவன் எங்க இறங்குவான்? மணல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். அதனாலதான் மந்தம் வந்தா மெரினாவுல கூட்டம் ஏறும், வியாபாரம் ஏறாது. பேப்பர்ல "சுற்றுலா தாக்குப் பிடித்தது"ன்னு போடுவாங்க. அந்தத் தாக்கு யார் முதுகுல விழுந்துச்சுன்னா மாமா மாதிரி, சுண்டல் விக்கற பையன் மாதிரி, கடைசிக் காசுக்குக் காத்திருக்கற ஆளுங்க முதுகுல.

ஆனாலும் ஜனம் வந்தாலே போதும்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும். ஏன்னா ஜனமே வராத காலத்தையும் பார்த்திருக்கோம். 2004 டிசம்பர் 26 சுனாமி. எனக்கு ஆறு வயசு. படகு, வலை, உயிர்னு போனது ஒரு பக்கம். அப்புறம் பல வாரம் கடற்கரைப் பக்கம் வரவே ஊருக்குப் பயம், மீன் வாங்கவும் பயம். அடுத்து 2020. கொரோனாவால மார்ச்சுல மூடின மெரினா டிசம்பர் 14-ம் தேதிதான் திறந்துச்சு. மாமா ராட்டினம் ஒன்பது மாசம் தார்பாய்க்குள்ள. தீம் பார்க்கும் மூடித்தான் கிடந்துச்சு. ஆனா அவங்க பேங்க்ல ஏதாவது இருக்கும். மந்தம்னா வருமானம் பாதி, மூடல்னா பூஜ்யம். இந்த வித்தியாசம் ஆயாவுக்கு எந்தப் பொருளாதாரப் புத்தகமும் சொல்லித் தரலை.

2009-ல மாமா எப்படிச் சமாளிச்சார்? ஒண்ணு ஏறினா வேடிக்கை பார்க்கற ரெண்டையும் கூப்பிட்டு, "மூணுக்கும் சேர்த்து பத்து ரூபா குடு தாயி"ம்பார். காலியா சுத்தற குதிரைக்கு என்ன செலவு? அவர் கை வலி மட்டும்தான், அதுவும் ஒரே வலிதான். டிஸ்னி எம்.பி.ஏ.க்கள் மீட்டிங் போட்டுக் கண்டுபிடிச்சதை இவர் மணல்ல நின்னுக்கிட்டே கண்டுபிடிச்சார். முக்கியமா, கடன் வாங்கி பதினாறு குதிரை ஆக்கலை. சிக்ஸ் ஃபிளாக்ஸ் கத்துக்க வேண்டிய பாடம்.

போன ஞாயித்துக்கிழமை குட்டியைக் கூட்டிக்கிட்டு மெரினா போனேன். வொண்டர்லாவுக்கு டிரெய்லர்னு சொல்லி ஏமாத்திதான். லூப் ரோட்டு ஓரமா ஆயா உட்கார்ந்த இடத்துல இப்போ நடைபாதை. 2023 ஏப்ரல்ல ஐகோர்ட் தானா எடுத்த வழக்குல கடைகளை அகற்ற ஆரம்பிச்சு, எங்க ஜனம் ரோட்டுல உட்கார்ந்து போராடினது நினைவிருக்கலாம். 2024 ஆகஸ்ட்ல 366 கடையோட புது மார்க்கெட் திறந்தாங்க.

மாமா இன்னும் அதே மணல்ல. குதிரைக்குப் புது பெயின்ட். அஞ்சு ரூபாய் முப்பது ஆயிருக்கு. குட்டி ஏறினா, இறங்க மாட்டேன்னுட்டா.

"எப்படி மாமா கூட்டம்?"

"இந்த ரெண்டு மூணு மாசமா நல்லாகீதுடா. கார்ல வர்றவன் புள்ளைங்கெல்லாம் ஏறுது. அதான் எனக்குப் பயமாகீது."

"கூட்டம் வந்தா ஏன் மாமா பயம்?"

"நல்ல காலத்துல அவன் ஏன்டா இங்க வரான்? அன்னிக்கு உங்க நைனாக்கு ட்ரிப் கொறஞ்சப்பவும் இப்படித்தான் மொதல்ல அவனுங்க வந்தானுங்க."

நான் நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கலை. குதிரையைத் தள்ளிக்கிட்டே, என் மூஞ்சியைப் பார்க்காம கேட்டார்.

"நீயும் இன்னாத்துக்கு இங்க வந்துகீற? ஆபீஸ்ல எதுனா பிரச்சினையாடா?"

ஆறு வாரமா வீட்டுல யாரும் கண்டுபிடிக்கலை. நாலு சுத்துல மனுஷன் கண்டுபிடிச்சுட்டார். ஒண்ணும் இல்ல மாமான்னு சொல்ல வாயெடுத்தேன், வரலை. தலையை ஆட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. "ஏறுடா"ன்னு குதிரையைக் காட்டினார். இருபத்தெட்டு வயசு எருமை மாடு ஏறினா குதிரை தாங்காதுன்னு சொல்லி, குட்டி சுத்தறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னேன்.

அன்னிக்கு ராத்திரி அக்காகிட்ட சொல்லிட்டேன். "அதுக்கென்னடா, வொண்டர்லா எங்கயும் ஓடிடாது"ன்னுட்டா.

டிஸ்கி: மக்கா, உங்க ஊர்ல இந்த மாதிரி மந்தத்தை முன்கூட்டியே சொல்ற ராட்டினக்காரர், டீக்கடைக்காரர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஜாவா தெரிஞ்ச ஆள் வேணும்னாலும் சொல்லுங்க :-)