கால்பைசாகியும் கம்பியில்லாத் தந்தியும்

காளிகாட்டிலும் அதனை அடுத்த லேக் மார்க்கெட் தெருக்களிலும் குடியிருக்கும் நம்மவர்க்குக் கால்பைசாகியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. வங்காளிகளின் வைசாகமே நமது சித்திரை. நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும் அந்நாட்களில், இங்கே பொழுது சாயும் வேளையில் வடமேற்குத் திசை கறுக்கும். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்து வறண்ட காற்றும் வங்கக் கடலின் ஈரக் காற்றும் கலந்து எழும் இடியும் சூறையும் சில நிமிடங்களில் நகரின்மேல் பாய்ந்துவிடும். சிற்சில சமயம் ஆலங்கட்டியும் உடன் விழும். அதனை எளிதாக எண்ணலாகாது: 1888 ஏப்ரல் 30-இல் மொராதாபாத் பகுதியில் பெய்த கல்மழை 246 உயிர்களைக் குடித்தது.

காற்றை ஆராய்வதில் கல்கத்தாவுக்குத் தனிப் பெருமை உண்டு. சைக்ளோன் என்னும் சொல்லை ஆக்கிய ஹென்றி பிடிங்டன் இந்நகரில் வாழ்ந்தவர். 1864 அக்டோபர் 5-இல் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட பெரும்புயலே, 1875-இல் வானிலை ஆராய்ச்சித் துறை தோன்றியதற்கு ஒரு காரணமாயிற்று. ஆயினும், நாட்கணக்கில் கடலில் நகர்ந்து வரும் புயல் வேறு, கால்பைசாகி வேறு. பின்னது ஒரு பேட்டையைச் சிதைத்து, அடுத்த பேட்டையைத் தொடாமலே போகும். அலிப்பூர் நிலையத்து மழைமானி அங்கு விழுந்ததையே அளக்கும். ராடார் மேகத்தைக் காட்டும். முறிந்த மரத்தையும் உடைந்த ஓட்டையும் காட்டாது. கண்டவர் சொல்ல வேண்டும். அதுவும் உடனே சொல்ல வேண்டும். மின்கம்பி அறுந்து, தொலைபேசியும் ஓய்ந்தபின் அவர் எவ்வாறு சொல்வது?

இங்கேதான் அமெச்சூர் வானொலியாளர் வருகின்றனர். 1921-இல் இந்தியாவில் முதன்முதல் உரிமம் பெற்றவர் அமரேந்திர சந்திர குப்தா. அவ்வாண்டிலேயே முகுல் போஸ் இரண்டாமவரானார். வங்கத்தார்க்கு இத்துறையில் இருந்த வேட்கையைப் பெயர்களே சொல்லும். 1923 நவம்பரில் கல்கத்தா ரேடியோ கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. சென்னையும் சளைக்கவில்லை, 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் அங்கும் ஒரு கழகம் எழுந்தது. 1939-இல் போரை முன்னிட்டு உரிமங்கள் ரத்தாயின; போருக்குப் பின்னரே மீண்டும் கிடைத்தன.

இக்காலத்தில் மேற்கு வங்க ரேடியோ கழகத்தார் கங்காசாகர் மேளாவில் வழிதவறிய யாத்திரிகரை உறவினரோடு சேர்த்து வைக்கின்றனர். ஊதியம் இல்லை, பெறுவதற்கு விதியும் இடந்தராது. பாட்டரியும், சிறு கருவியும், உயரக் கட்டிய கம்பியுமே அவர்தம் முதல்.

புயற்செய்தி சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. நேரம், இடம், காற்றின் திசை, அடைபட்ட பாதை ஆகியவை முதலில். கல் 'பெரியது' என்றால் பயனில்லை. நெல்லிக்காய் அளவா, எலுமிச்சை அளவா என்று சொல்ல வேண்டும். நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துரைக்க வேண்டும். பின்னர் வாய்மூடி, அலைவரிசையை அடுத்த பேட்டைக்காரருக்கு விட வேண்டும்.