ஒரு எழுத்து, சில எண்கள் - கர்ப்பப்பை வாய் பரிசோதனைக் குறியீடுகளின் வரலாறு

கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே அறிய 'பாப் ஸ்மியர்' பரிசோதனை செய்வார்கள் என்பது பலருக்கும் தெரியும். அதன் முடிவு மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு எழுத்தும் சில எண்களுமாகப் பதிவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த எழுத்து 'ஆர்' என்றால் ஒரு பொருள், 'சி' என்றால் முற்றிலும் வேறு பொருள். இந்தக் குறியீடுகள் எப்படி உருவாயின?

ஐந்து வகுப்புகள்

ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் கிரேக்க நாட்டில் 1883இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கர்ப்பப்பை வாய்ப் பகுதியிலிருந்து உதிரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே புற்றுநோயை அறியலாம் என்று 1928இல் அறிவித்தார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1941இல் ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

முடிவுகளை அவர் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பு என்றால் இயல்பு. ஐந்தாம் வகுப்பு என்றால் உறுதியாகப் புற்றுநோய். சிக்கல் நடுவில்தான்! இரண்டும் மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் போக்கில் முடிவு செய்தது.

பெயர் மாறினால் சிகிச்சை மாறும்

1950களில் 'டிஸ்பிளாசியா' என்ற சொல் பரவியது. செல்கள் மாறியிருக்கின்றன, ஆனால் புற்றுநோய் அல்ல என்பது இதன் பொருள். இதற்கு அடுத்த படி 'கார்சினோமா இன் சிட்டு', அதாவது இன்னும் உள்ளே பரவாத புற்றுநோய்.

டிஸ்பிளாசியா என்று எழுதினால் பெரும்பாலும் காத்திருந்து பார்த்தார்கள். கார்சினோமா இன் சிட்டு என்று எழுதினால் பல பெண்களுக்குக் கர்ப்பப்பையையே அகற்றினார்கள். ஆனால் ஒரே ஸ்லைடைப் பார்த்த இரண்டு நிபுணர்கள் இரண்டு பெயர்களைச் சொல்வதும் நடந்தது. ஒரு பெண்ணுக்கு இனிக் குழந்தை பிறக்குமா, பிறக்காதா என்பதை அந்த ஒரு சொல் தீர்மானித்தது!

இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே மாற்றத்தின் படிகள் என்று ரால்ஃப் ரிச்சர்ட் 1960களின் பிற்பகுதியில் வாதிட்டார். சி.ஐ.என். 1, 2, 3 என்ற வரிசை அப்படி வந்ததே. கடுமையான டிஸ்பிளாசியாவும் கார்சினோமா இன் சிட்டுவும் மூன்றாம் படியில் ஒன்றாகச் சேர்ந்தன.

சந்தேகத்துக்கும் ஒரு பெயர்

1987இல் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில் பாப் ஸ்மியர் முடிவுகள் தவறாகப் படிக்கப்படுவதை 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. 1988 டிசம்பரில் பெதஸ்தா நகரில் நிபுணர்கள் கூடி வகுப்பு எண்களைக் கைவிட்டனர். லேசான மாற்றத்துக்கு எல்.எஸ்.ஐ.எல்., தீவிர மாற்றத்துக்கு எச்.எஸ்.ஐ.எல். என்று இரண்டே நிலைகளை வைத்தனர்.

அதைவிட முக்கியமானது 'அஸ்கஸ்' என்ற பிரிவு. செல்கள் இயல்பாக இல்லை, ஆனால் என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது இதன் பொருள். மருத்துவர் தன் சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுத இது வழி செய்தது.

எண்களின் கதை

நோய்களுக்கு எண் கொடுக்கும் வழக்கம் இறப்புக் கணக்கிலிருந்து வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஷாக் பெர்த்தியோன் 1893இல் இறப்புக் காரணங்களின் பட்டியலை முன்வைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாம் பதிப்பை ஏற்றபோது, உயிரோடிருப்பவர்களின் நோய்களும் பட்டியலில் சேர்ந்தன. 1990இல் பத்தாம் பதிப்பான ஐ.சி.டி. 10 ஏற்கப்பட்டது.

இதில் எழுத்துதான் முக்கியம். ஸ்மியரில் செல்கள் மாறித் தெரிந்தால் ஆர் 87.6. 'ஆர்' என்பது அறிகுறிகளுக்கும் பரிசோதனை முடிவுகளுக்குமான பிரிவு. நோயின் பெயர் அல்ல. திசுவை எடுத்து பயாப்சி செய்து சி.ஐ.என். 1 என்று உறுதியானால் என் 87.0, சி.ஐ.என். 2 என்றால் என் 87.1, சி.ஐ.என். 3 என்றால் டி 06. பரவிய புற்றுநோய்க்கு சி 53.

அமெரிக்கா 2015 அக்டோபரில் இதன் விரிவான வடிவத்துக்கு மாறியது. அதில் அஸ்கஸுக்கு ஆர் 87.610, எச்.எஸ்.ஐ.எல்.லுக்கு ஆர் 87.613 எனத் தனித்தனி எண்கள் உண்டு. திசுப் பரிசோதனையில் உறுதியாகாத ஸ்மியர் முடிவை 'என்' பிரிவில் எழுதக்கூடாது என்றும் விதி இருக்கிறது.

இது வெறும் குமாஸ்தா வேலை அல்ல. 'ஆர்' எழுத வேண்டிய இடத்தில் 'சி' எழுதினால், புற்றுநோய் இல்லாத பெண் பதிவேட்டில் புற்றுநோயாளி ஆகிவிடுவார். தீவிர மாற்றத்தைப் பொத்தாம்பொதுவாக எழுதினால், உடனே அழைக்க வேண்டியவர் விடுபட்டுப் போகலாம். தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுவது என்ற எளிய பாடத்தைக் கற்க மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்குபவர்கள், அது சந்தேகத்தைச் சொல்கிறதா, உறுதியான முடிவைச் சொல்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.