மின்வலுச் சிக்கனமும் அயல்நாட்டுக் கூட்டுறவும்

சிங்கராஜ வனத்தின் வடபுறத்தே, மழைக்குக் குறைவில்லாத மலைச்சாரலில் அமைந்தது கலவான. அவ்வழியே ஓடும் குக்குலே கங்கையை மறித்து ஓர் அணை கட்டப்பட்டு, நிலத்தடியில் அமைந்த மின்னிலையம் ஒன்று 2003 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 70 மெகாவாற்று. பெரிய நீர்த்தேக்கம் எதுவுமின்றி, ஓடும் நீரைக் கொண்டே அது மின்சாரம் பிறப்பிக்கிறது. அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டத்து லயங்களிலோ, மாதந்தோறும் வரும் மின்சாரப் பட்டியலைக் கண்டு கலங்குவோர் பலர். மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே அதன் விலை சுமையாவது ஏன்? அச்சுமையைக் குறைக்க வல்லவர் யார்? இதற்கு விடை காணச் சற்று வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மலையகத் தோட்டங்கள் மின்வலுவுக்குப் புதியவை அல்ல. நாடு முழுவதற்கும் மின்கம்பி இழுக்கப்படுவதற்கு முன்னரே, தோட்டத்து ஓடைகளிலே சிறு சுழலிகளை நிறுவித் தேயிலைத் தொழிற்சாலைகளை நடத்தினார்கள். அத்தகைய நீர்வலு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1918 ஆம் ஆண்டில் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, இந்நாட்டு நீர்வீழ்ச்சிகளின் வலுவைப் பயன்படுத்துவது பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950 ஆம் ஆண்டில் 25 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்கலாயிற்று. 1969 ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை தோன்றியது. தேசிய மின்கம்பி தோட்டத்துக்கு வந்ததும் ஓடைச் சுழலிகள் ஒவ்வொன்றாய்த் துருப்பிடித்தன. சொந்த ஓடையின் நீரை நம்பியிருந்த காலத்தில் நீரின் அளவே சிக்கனத்தைக் கற்பித்தது. கம்பிவழி வந்த மலிவான மின்சாரம் அந்தப் பாடத்தை மறக்கச் செய்தது.

மறந்த பாடத்தை 1996 ஆம் ஆண்டு மீண்டும் நினைவூட்டியது. மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்வெட்டு நாட்டை இருளில் ஆழ்த்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்தது. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி விளக்கெரியும் நேரத்தைக் குறைப்பதே நோக்கம். அக்டோபரில் அதில் அரை மணி நேரம் குறைக்கப்பட்டது; எஞ்சிய அரை மணி நேரம் 2006 ஏப்ரலில்தான் நீங்கியது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று மக்கள் கேட்டுக்கொண்ட நாள்களை நேயர்களிற் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

கடிகாரத்தைத் திருப்புவது எளிது. மின்சாரம் விற்பவரின் மனத்தைத் திருப்புவது அரிது. எவ்வளவு அதிகமாக விற்கிறாரோ அவ்வளவு வருவாய் பெறுபவர், "குறைத்து வாங்குங்கள்" என்று எவ்வாறு மனமுவந்து சொல்வார்? ஆதலால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நடுநிலையாளர் ஒருவர் தேவைப்பட்டார். அவரே ஒழுங்குபடுத்துநர். இலங்கையில் 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைந்தது. மின்சாரத் துறையில் உரிமம் வழங்கவும் கட்டணத்தை ஆராய்ந்து அங்கீகரிக்கவும் 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் அளித்தது. இடையில், 2007 ஆம் ஆண்டில், வலுச் சிக்கனத்தையும் புதுப்பிக்கத்தக்க வலுவையும் வளர்ப்பதற்கென நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோன்றியது.

அயலிலும் இதே காற்று வீசியது. இந்தியாவில் முதன்முதலாக ஒரிசா மாநிலம் 1996 ஆம் ஆண்டில் தனக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. மத்திய ஆணையம் 1998 இலும், தமிழ்நாட்டு ஆணையம் 1999 இலும் வந்தன. அதே 1999 ஆம் ஆண்டில், தெற்காசிய நாடுகளின் ஒழுங்குபடுத்துநர் ஒன்றுகூடி அனுபவத்தைப் பகிர்வதற்கென ஒரு மன்றம் கண்டனர். பின்னர் இலங்கை ஆணைக்குழுவும் அதில் உறுப்பாயிற்று. 2006 ஆம் ஆண்டில் இஸ்லாமாபாதில் சார்க் வலு மையம் நிறுவப்பட்டது. 2014 நவம்பரில் காத்மண்டு மாநாட்டில் சார்க் நாடுகள் மின்சார ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன.

இக்கூட்டுறவால் விளையும் பயன் யாது? தமிழ்நாட்டை உதாரணமாகக் கொள்வோம். இந்திய மாநில ஆணையங்கள் 2005 ஆம் ஆண்டில் ஒரே மன்றத்தில் இணைந்தன. மின்தேவையைக் கட்டுப்படுத்தும் மாதிரி விதிகளை அம்மன்றம் 2010 ஆம் ஆண்டில் வகுத்தது. அதன்பின், 2013 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு ஆணையம் அப்பொருளில் தன் விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தடுமாறிக் கற்கவேண்டிய பாடத்தை எல்லோரும் ஒருமுறை கற்றுப் பலமுறை பயன்படுத்தினர். மேலும், தெற்காசியக் கடைகளிற் காணும் மின்குமிழும் குளிர்சாதனப் பெட்டியும் பெரும்பாலும் ஒரே வகைத் தொழிற்சாலைகளிலிருந்தே வருகின்றன. ஒரு நாடு மட்டும் தரத்தை உயர்த்தினால், கழிக்கப்பட்ட பொருள் அடுத்த நாட்டின் சந்தைக்குப் போய்ச் சேரும். எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்தால் மட்டுமே அந்த வாயில் அடைபடும்.

இத்துறையில் மூத்த அனுபவம் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிக்கு உரியது. அங்கே வாஷிங்டன் மாநிலத்துப் பொது மின்நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று, மின்தேவை பெருகிக்கொண்டே போகும் என்று கணித்து, ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்ட முனைந்தது. ஒன்றே நிறைவெய்தியது. 1983 ஆம் ஆண்டில் 225 கோடி டாலர் கடனைத் தீர்க்க இயலாமல் அக்கூட்டமைப்பு தவறியது. தேவையில்லாத நிலையங்களின் செலவும் மக்கள் தலையிலே விழுந்தது. அதற்குச் சற்று முன்னர், 1980 ஆம் ஆண்டில், வாஷிங்டன், ஒரேகன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான திட்டக்குழுவுக்கு வழிசெய்யும் சட்டம் நிறைவேறியிருந்தது. சேமித்த மின்சாரமும் ஒரு மின்னிலையத்துக்கு ஒப்பானது. செலவுக்கேற்ற பயன் தருமாயின் அதற்கே முதலிடம் தரவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பல மாநிலங்கள் கூடிக் கணக்குப் பார்த்தபோது, புதிதாய்க் கட்டுவதினும் வீணாவதைத் தடுப்பது மலிவு என்பது தெளிவாயிற்று.

அந்தக் கணக்கை நம் லயத்து வீட்டிலே போட்டுப் பார்ப்போம். மாதம் 30 அலகு செலவிடும் வீட்டுக்கு, 2022 ஆகஸ்ட் மாதத்துக்கு முன்னர் நிலையான கட்டணமும் சேர்த்து 105 ரூபாய் வந்தது. அம்மாதத்து உயர்வுக்குப் பின் அது 360 ரூபாய். 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாய். அவ்வாண்டு ஜூலையில் 450 ரூபாயாகக் குறைந்தது. ஓராண்டுக்குள் நேர்ந்த ஏற்ற இறக்கம் இது! நாட்கூலியில் வாழும் குடும்பம் இத்தகைய அலையை எவ்வாறு தாங்கும்? அதே வீட்டில் 60 வாற்றுப் பழைய மின்குமிழ் நாள்தோறும் நான்கு மணி நேரம் எரிந்தால், மாதத்துக்கு ஏழு அலகுக்குச் சற்று மேற்படும். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஓர் அலகே ஏறக்குறையப் போதும். மிகச் சிறு பாவனையாளருக்கு மின்சாரம் அடக்கவிலைக்குக் கீழே வழங்கப்படும் காலத்தில், அவர் வீட்டில் மிஞ்சும் ஒவ்வோர் அலகும் நாட்டின் உதவிச் செலவையும் குறைக்கிறது. ஆகவே நல்ல குமிழை அவருக்கு இலவசமாய்க் கொடுத்தாலும் நாட்டுக்கு நட்டமில்லை.

தொழிற்சாலையின் நிலை வேறு. கொழுந்து பகலெல்லாம் வந்து சேர்கிறது. அதை வாட்டும் விசிறிகள் மாலையிலும் இரவிலும் ஓடுகின்றன. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையுள்ள நேரத்துக்கே பெருந்தொழிற்சாலைகள் உயர்ந்த கட்டணம் செலுத்துகின்றன. விசிறியின் வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால், அது உண்ணும் மின்வலு ஏறக்குறையப் பாதியாகும். இது இயற்பியல் விதி. கொழுந்தின் ஈரத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் கருவி அவ்வளவு பயன் தரும். ஆனால் அதன் முதற்செலவைக் கண்டு சிறு தொழிற்சாலையாளர் தயங்குவர். கருவிக்குக் கடன் கிடைக்கச் செய்வதும், அயல்நாட்டுத் தொழிற்சாலைகள் கண்ட பலனைச் சான்றோடு எடுத்துக் காட்டுவதும் இங்கேதான் வேண்டப்படுகின்றன. அசாமிலும் நீலகிரியிலும் தேயிலை வாட்டுவோர் நம்மவர் படும் அதே பாட்டைப் படுகிறவர்களே.

மாநாடுகளால் மட்டும் விளக்கு எரியாது. தலைநகர்களிலே அறிஞர் கூடி ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கை, கலவானைத் தோட்டத்துக்குத் தமிழில் வந்து சேராவிடின் அதனால் யாது பயன்? கட்டணத்தைத் தீர்மானிக்குமுன் நம் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அந்த அவையில் பெருந்தொழிலாளர் குரல் ஒலிக்கிறது. லயத்துக் குடும்பத்தின் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் துறையின் அமைப்பை மாற்ற வழிவகுத்துள்ள இக்காலத்தில், அக்குரலுக்கு மதிப்பு இன்னும் மிகுதி.

தோட்டத்து ஓடையிலே சுழலியை நிறுவிய முன்னோர், உள்ள நீருக்குள் வேலையை முடிக்கக் கற்றிருந்தனர். நாடுகள் பல கூடி இன்று தேடுவதும் அந்தப் பழைய அறிவையே. அதன் பயன் குக்குலே கங்கைக் கரையிலுள்ள கடைசி லயத்தின் கடைசி அறைக்கும் சென்று சேருமாயின், அந்தக் கூட்டுறவு தன் கடமையைச் செய்ததாகும்.