வெற்று ஓடே சாட்சி: உயிருடன் பார்க்காத உயிரினத்துக்குப் பெயர் சூட்டுவது எப்படி?

பிறை – செபராங் பிறையின் வடக்கே குவார் கெப்பாவில் 2017-இல் கிடைத்த ‘பினாங்குப் பெண்’ எலும்புக்கூட்டைப் பற்றி இவ்வட்டார மக்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பர். ஏறக்குறைய 5,700 ஆண்டுகள் பழமையான அந்த எலும்புக்கூடு, அக்கால மக்கள் தின்று போட்ட சிப்பிகளின் ஓட்டு மேட்டில் புதைந்து கிடந்தது. அங்கிருந்த ஓட்டு மேடுகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்காக அள்ளப்பட்டு அழிந்துவிட்டது.

சிலருக்குச் சுண்ணாம்பாகத் தெரிந்த ஓடு, ஆய்வாளர்களுக்கு ஆவணம். உயிருடன் யாரும் பார்த்திராத விலங்குக்குக்கூட, அதன் ஓடு அல்லது உடைந்த துண்டுகளை வைத்தே பெயர் சூட்டுகின்றனர்.

கல்லாகாத எச்சம்

ஓர் உயிரின் எச்சம் முழுவதும் கல்லாக மாறிவிட்டால் அது புதைபடிவம். அந்த அளவுக்கு மாறாமல், சில நூறு அல்லது சில ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த எச்சத்தை அரைப் புதைபடிவம் என்கின்றனர்.

வண்டின் உடலை மூடியிருக்கும் கைட்டின் என்ற கெட்டியான பொருள், காற்றுப் புகாத ஈரச் சேற்றில் எளிதில் மக்காது. ஆய்வாளர்கள் அந்தச் சேற்றைச் சல்லடையில் அலசி, மண்ணெண்ணெய் கலந்து, மேலே தண்ணீர் ஊற்றுவர். எண்ணெய் பற்றிய வண்டுத் துண்டுகள் மிதந்து வரும். தலை, கழுத்துத் தகடு, சிறகு உறை ஆகியவற்றின் வடிவத்தையும் வரிகளையும் அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டு, இனத்தை அடையாளம் காண்கின்றனர்.

ஹவாயின் காவாய் தீவில் உள்ள மக்காவாஹி குகையில் இப்படிக் கிடைத்த துண்டுகளைக் கொண்டு, ஜேம்ஸ் லீபர், நிக் போர்ச் ஆகிய ஆய்வாளர்கள் 2015-இல் புதிய தரைவண்டு இனங்களை விவரித்தனர். அவற்றுள் ஒன்றுக்கு, அக்குகையை அகழ்ந்த டேவிட் பர்னியின் பெயரால் ‘பிளாக்பர்னியா பர்னியை’ எனப் பெயரிட்டனர்.

நம் நாட்டுத் ‘தீவுகள்’

மலேசியாவில் இதே நிலை சுண்ணாம்புக்கல் மலைகளில் வாழும் சிறு நத்தைகளுக்கு உள்ளது. பத்துமலையும் ஈப்போ கல்லுமலைக் கோயிலைத் தாங்கி நிற்கும் குன்றும் இவ்வகை மலைகளே. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு மலையை விட்டு அடுத்த மலைக்கு வேற்று மண்ணைக் கடந்து போக அதனால் எளிதில் முடியாது. இதனால் ஒவ்வொரு மலையும் ஒரு தீவு போலாகி, அந்த மலையில் மட்டுமே வாழும் இனங்கள் உருவாகின்றன.

இவற்றில் பல இனங்கள் வெற்று ஓடுகளாக மட்டுமே அறியப்பட்டவை. மலையடிவார மண்ணைக் காயவைத்து, வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால், காற்று அடைபட்ட ஓடுகள் மேலே மிதக்கும். அவற்றை வடித்தெடுத்து நுண்நோக்கியில் பிரிப்பர்.

பெயர் சூட்டும் விதி

விலங்குப் பெயர்களுக்கான அனைத்துலக விதிகள், உயிருள்ள மாதிரிதான் வேண்டும் என்று கூறவில்லை. ஓடோ துண்டோ போதும். அதை மூல மாதிரியாக அறிவித்து, மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை எழுதி வெளியிட வேண்டும்.

அழிந்துவிட்டதா?

இதுதான் கடினமான கேள்வி. வெற்று ஓடு, அந்த இனம் அங்கே வாழ்ந்தது என்று சொல்லும். இன்றும் வாழ்கிறது என்று சொல்லாது. தேடியும் கிடைக்காததை வைத்து மட்டும் அழிந்தது என முடிவு கட்டவும் முடியாது. கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இல்லாதபோதே அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஓர் இனத்தை ‘அழிந்தது’ என வகைப்படுத்துகிறது. அதுவரை ‘ஒருவேளை அழிந்திருக்கலாம்’ என்ற குறிப்பே மிஞ்சும்.

பகாங், குவாந்தான் அருகே இருந்த புக்கிட் பாஞ்சிங்கில் அந்த ஐயத்துக்கும் இடமில்லாமல் போனது. ‘பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம்’ என்ற நத்தை 1952-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அந்த ஒரு மலையைத் தவிர வேறெங்கும் அது காணப்படவில்லை. கல்குவாரி மலையையே தரைமட்டமாக்கியது. நத்தை இன்று ‘அழிந்தது’ பட்டியலில் உள்ளது.

பெயரே எச்சரிக்கை

பேராக், கெமோர் அருகே உள்ள கந்தான் மலையில் கிடைத்த சில மில்லிமீட்டர் அளவே உள்ள நத்தைக்கு, 2014-இல் ‘கரோப்பா லாஃபார்ஜி’ எனப் பெயர் வைத்தனர் யாப் வெர்மியூலனும் முகமது எஃபெண்டி மர்சுகியும். அம்மலையில் கல்லெடுத்து வந்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயர் அது. இந்த இனம் இருப்பதும் இல்லாமற்போவதும் அந்நிறுவனத்தின் கையில் உள்ளது என்பதை நினைவூட்டவே அப்பெயர். அதே மலைக் குகையில் ‘லிஃபிஸ்தியஸ் கந்தான்’ என்ற அரிய சிலந்தியும் வாழ்கிறது.

வீடு கட்டச் சிமெண்ட் வேண்டும். அதற்குச் சுண்ணாம்புக்கல்லும் வேண்டும். ஆனால், எந்த மலையில் வேறெங்கும் இல்லாத உயிர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த மலையை உடைப்பது என்று முடிவு செய்ய முடியும். அந்தக் கணக்கெடுப்பு வெடிவைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். மலை போன பிறகு மூல மாதிரி அருங்காட்சியகக் குப்பியில் இருக்கும். அந்த இனத்தை உயிருடன் தேடிப் பார்க்க இடம் இருக்காது.