எந்தக் கருவி நன்றாகப் பாடுகிறது?

வீட்டில் வைத்துக் கேட்கும் இசைத்தட்டுக் கருவிகள் இரண்டை அருகருகே வைத்து, இவற்றுள் எது நன்றாகப் பாடுகிறது என்று கேட்டால் நம்மில் யாரும் விடை சொல்லத் தயங்குவதில்லை. இரண்டு நிமிடம் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பட்டின் நயத்தை விரல் அறிவதுபோல் ஒலியின் நயத்தைச் செவி அறியும் என்பது நம் எண்ணம். இந்த எண்ணத்தை நம்பிப் பெரும்பொருள் ஈட்டியவரும் உண்டு; இழந்தவரும் உண்டு. அந்தச் சரித்திரம் அமெரிக்காவில், மின்சாரத்தின் துணையின்றி ஒலி பதியப்பட்ட காலத்தில் தொடங்குகிறது.

தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ஆம் ஆண்டில் போனோகிராபைக் கண்டுபிடித்தார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் ஒலியைப் பதிந்தது உருளையில். தட்டில் பதியும் முறையை உருவாக்கியவர் எமில் பெர்லினர். அவர் தம் கிராமபோனுக்கு 1887-ல் காப்புரிமை பெற்றார். உருளையைவிடத் தட்டை அச்சடித்துப் பெருக்குவது எளிது. அலமாரியில் அடுக்கி வைப்பதும் எளிது. 1906-ல் விக்டர் கம்பெனியார் ஒலிக்குழலை மரப்பெட்டிக்குள் மறைத்து ‘விக்ட்ரோலா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கவே, கூடத்தில் வைக்கத்தக்க நாற்காலி மேசைகளோடு கிராமபோனும் ஒன்றாகிவிட்டது. எடிசனும் வேறு வழியின்றித் தட்டுக்கு வந்தார். 1912-ல் அவர் வெளியிட்ட தட்டுக்கு ‘டயமண்ட் டிஸ்க்’ என்று பெயர்.

இவ்விரண்டு கருவிகளும் வேலை செய்யும் விதமே வேறு. விக்டர் தட்டில் ஊசி இடமும் வலமுமாக அசையும்; எடிசன் தட்டில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஆகையால் ஒன்றின் தட்டை மற்றொன்றில் அப்படியே வைத்துக் கேட்க இயலாது. விக்ட்ரோலாவில் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்றவேண்டும்; அந்த ஊசியே தட்டின் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு, ஒலிப்பெட்டி முழுவதையும் உள்நோக்கி இழுத்துச் செல்லும். எடிசன் கருவியிலோ தேய்த்து மெருகிட்ட வைர முனை இருந்தது. அதை மாற்றும் வேலையே இல்லை. ஒலிப்பெட்டியை நகர்த்துவதற்குத் தனிப் பற்சக்கரம் உண்டு. தட்டின் கனம் கால் அங்குலம்! வளையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அக்காலத் தட்டுகளின் பிரதிகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. நான் கேட்டவரையில் எடிசன் தட்டில் குரல் இன்னும் இயல்பாகவே இருக்கிறது; வயலினின் இழைவும் கெடவில்லை.

ஆனால் தம் கருவி மேலானது என்று எடிசன் சொன்னால் போதுமா? உலகம் நம்பவேண்டுமே! 1915 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அவருடைய கம்பெனியார் ஊர் ஊராக ஒரு வேடிக்கையை நடத்தினார்கள். அதற்குத் தொனிச் சோதனை என்று பெயர். மேடையில் கருவியும் பாடகியும் அருகருகே நிற்பார்கள். தட்டு சுழலும், பாடகி அதனோடு சேர்ந்து பாடுவார், திடீரென்று வாயை மூடிக்கொள்வார், தட்டு தொடர்ந்து பாடும். பிறகு விளக்குகள் அணையும். இருட்டில் பாட்டு இடையறாது கேட்டுக்கொண்டே இருக்கும். மீண்டும் வெளிச்சம் வரும்போது பார்த்தால் பாடகி மேடையிலேயே இருக்கமாட்டார்! 1916 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் நகரின் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்தில் மேரி ரப்போல்ட் என்னும் இசை நாடகப் பாடகி இவ்வாறு பாடினார். மனிதக் குரலுக்கும் தட்டின் குரலுக்கும் வேற்றுமை காண முடியவில்லை என்று பத்திரிகைகளும் எழுதின.

இன்று அத்தட்டைக் கேட்கும் எவருக்கும் இது வியப்பாக இருக்கும். அக்காலப் பதிவில் பாடகர் ஒரு குழலின் வாயில் பாடுவார். அவர் மூச்சின் வலிமையே மெழுகில் பள்ளத்தை வெட்டவேண்டும். வினாடிக்குச் சுமார் 200 அதிர்வுகளுக்குக் கீழும், இரண்டாயிரத்துச் சொச்சத்திற்கு மேலும் உள்ள ஒலிகள் பெரும்பாலும் பதியவே இல்லை. ஸகரம் போன்ற உரசொலிகள் மங்கிப்போயின. அப்படியிருக்க, சபையோர் எவ்வாறு ஏமாந்தார்கள்?

அவர்கள் செவிடரும் அல்லர், மூடரும் அல்லர். நம் செவி குறையை இட்டு நிரப்பிக்கொள்ளும் இயல்புடையது. அடிநாதம் இல்லாவிட்டாலும் அதன் மேற்சுரங்களைக் கொண்டே அதை ஊகித்துக் கேட்கிறது. அதற்குமேல், அன்றைக்கு அதைவிடச் சிறந்த கருவி எதையும் அவர்கள் கேட்டதில்லை. மற்றொரு காரணமும் உண்டு. இச்சோதனைகளில் பலமுறை பாடிய ஆன்னா கேஸ் என்னும் பாடகி, தம் குரலைக் கருவியின் குரலுக்கு ஏற்பத் தணித்துக்கொண்டு பாடியதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார். கருவி மனிதரைப்போல் பாடுகிறதா என்று பார்க்க வந்த கூட்டத்திற்கு, மனிதர் கருவியைப்போல் பாடிக் காட்டினார்! இதை முழு மோசடி என்று நான் சொல்லமாட்டேன். துணைக்கருவியோடு இழைந்து பாடுவது எந்தப் பாடகருக்கும் பழக்கமே. ஆயினும், ஒப்பிடப்படும் பொருள்களில் ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டால், அங்கே ஒப்பீடு ஏது?

இவ்வளவு செய்தும் எடிசன் தட்டு வெல்லவில்லை. காதுகேளாமையால் துன்புற்ற எடிசன், பாடகரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தாமே வைத்துக்கொண்டார். விக்டரிடமோ கரூஸோ இருந்தார். ராக்மனினோவ் என்னும் மாபெரும் பியானோக் கலைஞர் 1919-ல் எடிசனுக்காக வாசித்துவிட்டு, அடுத்த ஆண்டே விக்டரிடம் போய்விட்டார். மக்கள் ஒலியை வாங்கவில்லை, பாடகரை வாங்கினார்கள்.

1925-ல் நிலைமை மாறிற்று. பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த மாக்ஸ்பீல்டு, ஹாரிஸன் என்னும் பொறியியலார் ஒலிவாங்கியும் பெருக்கியும் கொண்டு பதியும் மின்முறையை உருவாக்கினார்கள். அத்தட்டுகளுக்கென்றே விக்டர் கம்பெனி ‘ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா’வை வெளியிட்டது. அதன் நீண்ட குழல் மடித்து மடித்துப் பெட்டிக்குள் அமைக்கப்பட்டிருந்தது. சுமார் 100 முதல் 5,000 அதிர்வுகள் வரை அதில் கேட்டன. நேற்றுவரை உயிர்க்குரல் என்று போற்றிய பழைய கருவி, புதியதன் அருகே வைத்ததும் தகரக் குரலாகிவிட்டது. எடிசன் கம்பெனி 1927-ல் மின்முறைக்கு மாறியும் பயனில்லை. 1929-ல் தட்டுத் தொழிலையே கைவிட்டது.

1948-ல் நெடுந்தட்டும், பின்னர் இருவழி ஒலித்தட்டும் வந்தன. அவற்றைக் கடந்து 1982-க்கு வருவோம். அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பானில் சோனி கம்பெனி முதல் குறுந்தட்டுக் கருவியை விற்றது. இங்கே ஊசியும் இல்லை, பள்ளமும் இல்லை. வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்ட எண்களை லேசர் ஒளி படிக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 16 இரும இலக்கங்கள் கொண்டது. சோனியின் கருவியில் எண்களை ஒலியாக்கும் மாற்றி ஒன்றே. அது இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் மாறி மாறி உழைத்தது. அதனால் ஒரு பக்கம் மற்றதைவிட வினாடியின் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு பிந்தியது. கூட்டாளியான பிலிப்ஸிடம் 14 இலக்க மாற்றியே இருந்தது. எண்களுக்கிடையே மேலும் எண்களைக் கணக்கிட்டு நிரப்பி, நான்கு மடங்கு வேகத்தில் இயக்கி அக்குறையை ஈடுசெய்தார்கள். இவ்விரண்டில் எது இனியது என்று பத்திரிகைகளில் எழுந்த வாதங்கள் பல.

இந்த வாதத்தைத் தீர்க்கும் முறை முன்பே இருந்தது. 1933-ல் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர், ஒலியின் உரப்பு மாறினால் தாழ்ந்த சுரங்கள் நம் செவிக்குப் படும் அளவும் மாறுகிறது என்று அளந்து காட்டினார்கள். இரு கருவிகளுள் ஒன்று மிகச் சிறிதளவே உரத்து ஒலித்தாலும், கேட்பவர் அதை உரப்பு என்று உணராமல், அதுவே நயமானது என்று கூறிவிடுவார். 1950-ல் மன்சனும் கார்ட்னரும் வேறொரு முறையை வெளியிட்டார்கள். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று, மூன்றாவதாக இவ்விரண்டில் ஏதோ ஒன்று. மூன்றாவது எது என்று கேட்பவர் சொல்லவேண்டும். 1982-ல் டேவிட் கிளார்க், நடத்துபவருக்கும் விடை தெரியாதபடி மறைத்துவைக்கும் பெட்டியோடு இம்முறையை விவரித்தார்.

கல்லூரி மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே பதிவின் குறுந்தட்டுகள் இரண்டும், கருவிகள் இரண்டும், ஒரு பெருக்கியும் போதும். முதலில் ஒலிபெருக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, இரண்டையும் சமன் செய்யுங்கள். காதால் சமன் செய்யவேண்டாம். தட்டுகள் இரண்டையும் ஒரே இடத்தில் தொடங்கி வைத்து, ஒரு நண்பர் திரைக்குப்பின் நாணயத்தைச் சுண்டிக் கருவியைத் தேர்ந்தெடுக்கட்டும். கேட்பவரிடம் அவர் பேசவே கூடாது. பதினாறு முறை கேட்டு, பதினாறு விடைகளையும் தாளில் எழுதிய பிறகே ஒப்பிடுங்கள். வெறும் ஊகத்தாலேயே சராசரி எட்டு சரியாக வரும். பன்னிரண்டோ அதற்கு மேலோ ஊகத்தால் சரியாவது நூற்றுக்கு நான்கு முறைக்கும் குறைவு. ஒன்பது வந்தால், விலை மிகுந்த கருவியின் சொந்தக்காரரிடம் அதை மெதுவாகத்தான் சொல்லவேண்டும்.